ஜார்ஜ் யார்?

லண்டனில் சாரிங் கிராஸ் சாலையை ஒட்டி செசில் கோர்ட் என்றொரு சந்து. பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே கடைக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்கிற பெரியவரைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம், நம்மவர் வந்துவிட்டார். படைத் தளபதிகளின் வாழ்க்கை வரலாறு, அதிலும் முதல் பதிப்பு, அதிலும் கையெழுத்துப் போட்டது. இதில் ஒன்று குறைந்தாலும் தொடமாட்டார். பட்டாளத்தில் ஒருநாள் இருந்தவரில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதி ரிட்டையர் ஆனவர். நடையில் மட்டும் லேசாக லெஃப்ட், ரைட்.

புத்தகத்தை எடுத்தால், பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி மேலுறையை ஓரம் ஓரமாகத் தடவுவார். உள்மடிப்பின் மூலையில் அச்சடித்த விலை அப்படியே இருக்கவேண்டும். பரிசு கொடுக்கிறவர்கள் கௌரவத்துக்காக அதைக் கத்தரித்துவிடுவார்கள். அந்த முக்கோணத் துண்டு போயிருந்தால் முகம் தொங்கிவிடும். படிப்பதா? அகல விரித்தால் முதுகு தளர்ந்துவிடுமே! எல் அலமைன் சண்டையில் ஜெயித்தது யார் என்பதையே டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. வரலாறு வெளிவரும்போது நாயகர் பெரும்பாலும் மண்ணுக்குள் இருப்பார். எழுதியவர்தான் கையெழுத்துப் போடுவார். அது இவருக்கு அரை மனசு. அதனால்தான் 1940-ல் வந்த 'ஆலன்பி'யின் மேல் அத்தனை மோகம். ஃபீல்ட் மார்ஷல் ஆலன்பியைப் பற்றி எழுதியவர், பின்னாளில் தானும் ஃபீல்ட் மார்ஷலாகி, நமக்கு வைஸ்ராயாகவும் வந்த வேவல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

தளபதியே எழுதிய சுயசரிதை என்றால் இந்தத் தொல்லை இல்லை என்பீர்கள். அமெரிக்காவின் கிராண்ட் கதையைக் கேளுங்கள். 1885 ஜூலையில் அவர் போய்விட்டார், முதல் தொகுதி டிசம்பரில் வந்தது. அவர் கைப்பட எழுதி, கையெழுத்தும் இட்ட சமர்ப்பண வாசகத்தை அப்படியே அச்சில் ஏற்றியிருந்தார்கள். "எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு கிராண்ட் நேரில் போட்டுக் கொடுத்தது" என்று யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் இவருக்குக் கொண்டாட்டம்தான்.

கையெழுத்திலும் சாதி உண்டு. வெறும் பெயர் மட்டும் இருப்பது உசத்தி. 'இன்னாருக்கு அன்புடன்' என்றால் விலை இறங்கும், அந்த இன்னார் பெரிய புள்ளியாக இல்லாவிட்டால். அப்படித்தான், எல் அலமைனில் ஜெயித்த அதே மான்ட்கோமரியின், 1958-ல் வந்த நினைவுக்குறிப்பு ஒன்று மாட்டியது: 'ஜார்ஜுக்கு'.

ஆராய்ச்சி ஆரம்பமானது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1952-லேயே காலமாகிவிட்டார். அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் போனது 1945-ல். மிச்சம் ஒரே ஆள், இன்னொரு அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் மார்ஷல்! 1959 வரை உயிரோடு இருந்தவர்.

கடைக்காரர் மெல்லச் சொன்னார்: "சார், அதிபர் ரூஸ்வெல்ட் 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டதையே மார்ஷல் ரசிக்கவில்லையாம்."

"மான்ட்கோமரி எந்தக் காலத்தில் அடுத்தவர் ரசனையைப் பார்த்தார்?"

"அதுவும் சரிதான். ஆனால் இது ஒரு பல் டாக்டர் வீட்டிலிருந்து வந்த சரக்கு. அவர் பெயரே ஜார்ஜ்."

நம்மவர் ஒரு கணம்தான் அசந்தார்.

"ஏன், மார்ஷலுக்குப் பல் வலி வந்திருக்கக் கூடாதா?"