நொக்ஸ் துரைக்கு வயது நாற்பது

எல்லாம் ஒரு பாய்மரத்தால் வந்த வினை. மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் ‘ஆன்’ என்ற கப்பலின் பெரிய பாய்மரம் போய்விட்டது. கொட்டியாரத்தில் நல்ல மரம் கிடைக்கும், வெட்டிப் பூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் கப்பலை இங்கே அனுப்பினார்கள். மரம் தேடி வந்த கப்டன் றொபேட் நொக்ஸ், 1660 இல், மூதூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தின் கீழ் பிடிபட்டார். கூட அவருடைய மகனும் அகப்பட்டான். அவன் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு ஒரே பெயரில் இரண்டு கோப்பு.

கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கு வெள்ளைக்காரர்களைச் சேர்த்துவைக்கிற பழக்கம் இருந்தது. சிலர் முத்திரை சேர்ப்பார்கள் அல்லவா, அப்படி. 1672 இல் கொட்டியாரக் குடாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் லனெறோல் என்று ஒரு தூதுவரை அரசனிடம் அனுப்பினார்கள். அவர் மரியாதை தெரியாமல் நடந்து, அவரும் அந்தச் சேகரிப்பில் சேர்ந்தார். அந்தப் பெயரில் இன்றைக்கும் இந்த நாட்டில் குடும்பங்கள் இருக்கின்றன. தூது போன வேலை எப்படியோ, மனுசன் சும்மா இருக்கவில்லை.

தகப்பன் நொக்ஸ் அடுத்த வருடமே காய்ச்சலில் செத்துப்போனார். பத்தொன்பது வயதில் அகப்பட்ட மகன் தொப்பி பின்னி விற்றார். பிறகு நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், வட்டி நூற்றுக்கு ஐம்பது. கைதி வட்டிக்குக் கொடுத்து ஊரைக் கைதியாக்கியது உலகத்தில் வேறெங்கே நடந்திருக்கும்? 1679 இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு ஓடித் தப்பினார். 1681 இல் இலங்கையைப் பற்றிய அவருடைய புத்தகம் லண்டனில் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது. அதுதான் முதல் புத்தகம். அதைப் படித்துப் பயன்பட்டவர் என்று சொல்லப்படுகிற டானியல் டீஃபோ, ‘றொபின்சன் குரூசோ’வை அச்சேற்றியது 1719 இல், அறுபதை நெருங்கிக்கொண்டு.

இந்த இரண்டு பேரையும் சாட்சிக்கு இழுத்துத்தான், நாற்பத்தெட்டு வயதில், எங்கள் திருகோணமலை சல்லிக் கோயில் திருவிழாவுக்கு ஒரு பகிடி நாடகம் எழுதி நானே நடிக்கப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

“இஞ்சருங்கோ, அந்த மனுசனை இருபது வருசம் ராசா பிடிச்சு வைச்சிருந்தவன். உங்களை ஆர் பிடிச்சு வைச்சது?” என்றாள் மனைவி.

“கந்தோர்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வரி நாடகத்தில் இருக்கிறது. நொக்ஸ் சொல்ல, சனம் சிரித்தது. வீட்டில் எடுபடாத பகிடி வெளியில் எடுபடும் என்ற பாடத்தை இளவட்டத்தில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது, அதற்குக் கலியாணம் முடித்து நாளாக வேண்டும்.

நடுவயதில் தொடங்குவதில் வேறு வசதிகளும் உண்டு. எந்த நூற்றாண்டில் எந்தத் துரையாக நடிக்கவும் வயிறு தயாராக இருக்கிறது, தலையணை கட்டத் தேவையில்லை. வசனம் மனதில் நிற்காதுதான். அதனால் என் பாத்திரங்கள் எல்லாருமே எழுதுவினைஞர்கள். கையில் கோப்பு, கோப்புக்குள் வசனம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளைப் புரட்டி, நான் அடுத்த வரியைத் தேடுகிற அந்த நேரத்தைச் சனம் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டியது. கச்சேரியில் வரிசையில் நின்று பழகிய சனம் அது.

இராசசிங்கனாக நடித்தவன் என் மச்சான். கரைவலைக்காரன். வலை இழுக்க அம்பா பாடிய தொண்டை, மைக் செட் வேண்டாம். பிரச்சினை என்னவென்றால் அவனுக்கு அரசனாக இருக்கப் பிடித்துவிட்டது. ஒத்திகை முடிந்த பிறகும் நொக்ஸை விடமாட்டேன் என்றான்.

கோட்டை வாசல் கல்வெட்டுத்தான் எங்கள் முதல் வெற்றி. திருகோணமலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: பிரெட்றிக் கோட்டை வாசல் கல்லில் மீன்கள், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற அரசன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி வந்து பிரிப்பான், பிறகு இன்ன இன்ன கண் நிறமுள்ளவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆள்வார்கள் என்று அது முன்கூட்டிச் சொன்னதாக ஊரில் கதை. பக்தியோடு கேட்டால் தீர்க்கதரிசனம். கந்தோரில் இருப்பவன் கேட்டால் இடமாற்றப் பட்டியல். யார் வருகிறார், யார் போகிறார், எந்த ஒழுங்கில். எல்லாம் கல்லில் ஒட்டியிருக்கிறது. மேன்முறையீட்டுக்கு மட்டும் இடமில்லை. எங்கள் நாடகத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, 1624 இல், பட்டியலில் தன் பெயரைத் தேடி விரலை ஓட்டிப் பார்த்து, “ஓம், நான்தான்” என்று கையெழுத்திட்டுவிட்டுக் கோயிலை இடிக்கத் தொடங்குகிறார். இடித்த கல்லில் கோட்டை எழும்புகிறது. “கேள்விப்பத்திரம் கோரினீங்களா?” என்று நான் கேட்கிறேன். அந்த இடத்தில் முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சிரிக்கலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோணேசர் கோயில் இடிபட்டது சிரிக்கிற விசயம் இல்லை. இடித்தவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. அந்த வித்தியாசம் பிடிபட அவர்களுக்கு ஒரு கணம் எடுத்தது, பிறகு பந்தலே குலுங்கியது.

1782 தான் என் செல்லப்பிள்ளை. சனவரியில் இங்கிலிசுக்காரர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரென் என்ற பிரெஞ்சுக் கடற்தளபதி இங்கிலிசுக்காரரிடமிருந்து பிடித்தார். பிறகு ஐரோப்பாவில் எங்கோ மேசையைச் சுற்றி இருந்து சமாதானம் பேசி, பிரெஞ்சுக்காரர் இங்கிலிசுக்காரருக்குக் கொடுக்க, இங்கிலிசுக்காரர் ஒல்லாந்தருக்குக் கொடுக்க, 1795 இல் இங்கிலிசுக்காரர் “கொஞ்சம் பொறுங்கோ” என்று திரும்பவும் எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நான் ஒரு வரி பகிடியும் சேர்க்கவில்லை. நாடகத்தில் ஒரே பாத்திரம், கொடி ஏற்றுகிறவர். ஒவ்வொரு நாள் காலையும் கேட்பார்: “இண்டைக்கு ஆர், துரை?”

பிரெஞ்சுக்காரரின் மூவர்ணக் கொடி 1789 புரட்சிக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னர் அவர்கள் கப்பற்படைக் கொடி வெறும் வெள்ளை. எங்களுக்குச் சீலைச் செலவு மிச்சம், மச்சானுடைய வேட்டியை ஏற்றினோம். இங்கிலிசுத் துரை கீழிருந்து பார்த்து, பிரெஞ்சுக்காரன் சரணடைந்துவிட்டான் என்று கொண்டாட, பிரெஞ்சுத் துரை அது தன் கொடி என்று குதிக்க, வேட்டியில்லாத இராசசிங்கன் திரைக்குப் பின்னாலிருந்து தன் சொத்தைத் திருப்பித் தரச்சொல்லிக் கத்துகிறார். அவர் செத்தது 1687 இல். ஆனால் அரசனாக இருக்கப் பிடித்துவிட்ட மச்சானை ஒத்திகையிலிருந்து யாராலும் போகச் சொல்ல முடியவில்லை.

“இந்த வயசில உமக்கேன் அண்ணை இது?” என்று கேட்டவர்களுக்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ‘அண்ணை றைற்’ புகழ் கே. எஸ். பாலச்சந்திரன் இறைவரித் திணைக்களத்தில் இருந்துகொண்டே பஸ் கொண்டக்டரைப் பேசவைத்தவர். ஆனால் அவர் இளமையிலேயே தொடங்கிவிட்டதால் எனக்கு உதவமாட்டார். கரவெட்டி சிவஞானசுந்தரம், அதாவது சுந்தர், உதவுவார்: 1924 இல் பிறந்தவர், பம்பாய்க்குப் படிக்கப் போய்க் கேலிச்சித்திரத்தோடு திரும்பியவர், ‘சிரித்திரன்’ நகைச்சுவைச் சஞ்சிகையைத் தொடங்கியபோது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு சிவஞானசுந்தரம், இலங்கையர்கோன், காரியாதிகாரியாக இருந்துகொண்டு வானொலிக்கு ‘விதானையார் வீட்டில்’ எழுதினார். விதானைமாரை வைத்து வேலை வாங்குகிற உத்தியோகத்தனுக்கு விதானையார் வீட்டைப் பற்றி எழுதக் கற்பனை எதற்கு? அமெரிக்காவில் பகிடிக்காரர் றொட்னி டேஞ்சர்ஃபீல்ட் இளமையில் மேடையை விட்டுவிட்டு, வீட்டுச் சுவருக்கு அடிக்கிற அலுமினியத் தகடு விற்றுக் குடும்பம் நடத்தி, நாற்பது தாண்டித் திரும்பி வந்தவர். தன்னை யாரும் மதிப்பதில்லை என்ற ஒரே முறைப்பாட்டை ஆயுள் முழுக்க விற்றார். அதைத் தகட்டு வியாபாரத்தில் கற்றிருப்பார்.

சரித்திரத்தைக் கதையாக்கலாமா என்று கேட்டால் அதற்கும் ஊரிலேயே முன்னோடி இருக்கிறார். தமிழின் முதல் வரலாற்று நாவலான ‘மோகனாங்கி’யை 1895 இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். அவர் மதுரை நாயக்கரிடம் போனார். நான் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன், பஸ் காசு மிச்சம்.

அடுத்த திருவிழாவுக்கு 1942 ஏப்ரல் 9. யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட நாள், ஒரு விமானம் எண்ணெய்த் தாங்கியிலேயே விழுந்து எரிந்த நாள். எண்ணெய்த் தாங்கிகளையே பாத்திரங்களாக்கி, அவை தங்களுக்குள் கதைப்பதுபோல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆள் சேர்ப்பதுதான் சிக்கல். மச்சானிடம் கேட்டேன்.

“தாங்கியா? எத்தினை தாங்கி?”

“தொண்ணூற்றொன்பது.”

“ஆற்றை?”

2022 உடன்படிக்கையைச் சொன்னேன். 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயிலுக்கு, மிச்சம் 61 இரண்டு பேரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு.

மச்சான் கொஞ்சம் யோசித்தான்.

“என்னை அந்த அறுபத்தொண்டுக்குள்ள போடு. ரெண்டு பேருக்கும் பொதுவெண்டால் ஒருத்தனும் வேலை வாங்கமாட்டான்.”