பேனா பிடித்தால் சிம்பொனி!

● நம் கச்சேரிக்கும் சிம்பொனிக்கும் என்ன வித்தியாசம்?
– சிட்லபாக்கம் வாசகி
கல்பனாஸ்வரம் மேடையில் பிறக்கும். சிம்பொனியிலோ கடைசி வயலின்காரரின் ஒற்றை இழுப்புகூட முன்பே தாளில் ஏறியிருக்கும். இங்கே பாடகர் ராஜா. அங்கே பேனா ராஜா!

● நம்ம ராஜா?
– குரோம்பேட்டை ரசிகர்
மார்ச் 8, 2025. லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்க்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. அப்போது அவருக்கு வயது 81. நாற்பதிலேயே 'இனிமேல் எதுக்கு' என்று கீபோர்டுக்கு உறை போட்டவர்கள் கவனிக்க.

● அவருக்கு மேற்கத்திய இசை கற்றுத்தந்தவர்?
– மேடவாக்கம் வாசகர்
மயிலாப்பூரில் இருந்த தன்ராஜ் மாஸ்டர். ராஜா லண்டனுக்குப் போனது மயிலாப்பூர் வழியாக!

● மெட்டு நன்றாகப் போடுவேன். ஆர்க்கெஸ்ட்ரேஷனுக்கு சாஃப்ட்வேர் போதாதா?
– கிட்டார் மாணவர், சேலையூர்
போதாது தம்பி. கம்ப்யூட்டர் புல்லாங்குழலுக்கு மூச்சு வாங்காது, மனுஷனுக்கு வாங்கும். வாசிப்பவர் மூச்சு எடுக்க எங்கே இடம் விடுவது என்று தெரிந்துகொள். அதுதான் வித்தை.

● எல்லா வாத்தியத்துக்கும் ஒரே நோட்டேஷனைக் கொடுத்தால்?
– செம்பாக்கம் வாசகர்
காதைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்கள். 'சி' என்று எழுதியதை பி-ஃபிளாட் கிளாரினெட் வாசித்தால் பி-ஃபிளாட் கேட்கும். எஃப் ஹார்ன் வாசித்தால் எஃப். டபுள் பாஸ் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். ஆளுக்கொரு தாள்தான் சமாதானத்துக்கு வழி.

● தம்புரா இல்லாமல் அவர்களுக்கு எது சுருதி?
– பல்லாவரம் வாசகி
ஓபோ என்ற ஊதுகருவி. அது 'ஏ' ஸ்வரம் கொடுக்கும். மொத்தப் படையும் பணிந்து சேரும்.

● இதெல்லாம் நம் சங்கீதத்தோடு ஒட்டுமா?
– தாத்தா, ராஜகீழ்ப்பாக்கம்
வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருத சாகித்யம் எழுதினாரே, நோட்டுஸ்வரம்! அவர் தம்பி பாலுசுவாமி வயலினையே நம் மேடைக்குக் கொண்டுவந்தார். ஒட்டி 200 வருஷமாச்சு, பெரியவரே, பசைகூடக் காய்ந்துவிட்டது.

● என் மகள் சிம்பொனி எழுத ஆசைப்படுகிறாள். எங்கே தொடங்குவது?
– தாய், கிழக்குத் தாம்பரம்
நாலு பேரில். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நூற்றுக்கு மேல் சிம்பொனி தந்த ஹைடன், இந்த நால்வருக்காக மட்டும் 60க்கு மேல் படைப்புகள் எழுதினார். மகள் எழுதும் நாலு வரியை வாசிப்பவர்களிடம் கொடுங்கள். 'பாப்பா, இதுக்கு விரல் எட்டாது' என்று அவர்கள் சொல்லும் இடத்தில் முதல் பாடம் ஆரம்பம்!