எட்டு கிலோமீட்டரும் ஒரு குவார்ட்டரும்

2023-24இல் டாஸ்மாக் விற்பனையால் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அதே 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது சுகாதாரத் துறை. தள்ளாட வைப்பதும் நடக்கச் சொல்வதும் ஒரே அரசுதான். இரண்டு கணக்கும் சந்தித்துக்கொள்வதில்லை, அதுதான் கோளாறு. குவார்ட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டி, அதைத் தனியே வைத்து, ஓசூர் ஏரிக்கரைகளில் நிழலும் விளக்குமாகப் பாதை போட்டால் என்ன? சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்காமல் நாலு எட்டு வைக்க ஓர் இடம் வேண்டாமா?

விலை ஏறினால் குடிமகன் கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போய்விடுவான் என்பார்கள். ஒரு ரூபாய்க்காக எவனும் மாநிலம் தாண்டமாட்டான்; தாண்டினாலும் எல்லையோர ஜூஜூவாடியிலிருந்து நடந்தே போகட்டும், திட்டத்தின் நோக்கமே அதுதானே. ஏழை காசில் பூங்காவா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காசு இப்போதும் அவன் பையிலிருந்துதான் போகிறது, அவன் தெருவுக்குத் திரும்புவதில்லை. எல்லோரும் நடந்து திருந்திவிட்டால் வருமானம் வற்றிவிடுமாம்! வற்றட்டும், போட்ட பாதை எங்கும் ஓடிவிடாது. காலி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் பிடித்துவைத்துத் திருப்பித் தரத் தெரிந்த கடைக்கு, ஒரு ரூபாயைத் தனியாக எடுத்துவைக்கவா தெரியாது?