யானை என்றுதான் நினைத்தேன்

ராமநவமி சமயத்தில் அபிராமபுரம் பக்கம் உபன்யாசம் கேட்கப் போனவர்கள் கவனித்திருக்கலாம். சரயு நதியில் குடத்தில் தண்ணீர் மொண்ட பையன்மேல், வேட்டைக்கு வந்த தசரதன் சத்தத்தை வைத்தே அம்பு விட்ட கட்டம். சபை கண்ணைத் துடைப்பது யாருக்காக? புத்திர சோகத்தில் சாகப்போகும் சக்கரவர்த்திக்காக. பாவம், யானை என்றல்லவா நினைத்துவிட்டார்!

ஆனாலும் தசரதன் பழைய காலத்து ஆள். ஓடிப்போய்ப் பார்த்தான். பார்வையற்ற பெற்றோரிடம் தானே போய்க் கொன்றதை ஒப்புக்கொண்டான். சாபத்தையும் வாங்கிக்கொண்டான். வக்கீல் வைக்கத் தெரியாத அப்பாவி.

இன்றைய வில்லாளிகள் தேறிவிட்டார்கள். 2012 பிப்ரவரி 15. கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு நின்ற இத்தாலியக் கடற்படை வீரர்கள் 'செயின்ட் ஆன்டனி' என்ற மீன்பிடிப் படகைச் சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் செத்தார்கள்; ஒருவர் நம் குமரி மாவட்டத்துக்காரர். கடற்கொள்ளையர் என்று நினைத்தார்களாம். வீரர்களுக்கு விலக்குரிமை உண்டென்று 2020இல் சர்வதேசத் தீர்ப்பாயம் சொன்னது. பத்துக் கோடி ரூபாய் வந்து சேர்ந்ததும் 2021இல் நம் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது. மறு வருஷம் ரோமும் மூடியது.

நாம் மட்டும் இளைத்தவர்களா? 2021 டிசம்பர் 4, நாகாலாந்தின் ஓட்டிங். சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிய நிலக்கரித் தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து நம் ராணுவச் சிறப்புப் படை சுட்டது. ஆறு பேர் பிணம். சுட்டவர்கள்மேல் வழக்கு நடத்த மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் அதையும் முடித்துவைத்தது.

மந்திரியின் காரைத் தீவிரவாதி வண்டி என்று யாராவது நினைத்ததுண்டா? கோடீஸ்வரனின் உல்லாசப் படகு யார் கண்ணுக்காவது கொள்ளையர் படகாகத் தெரிந்ததா? தெரியாது. வலை இழுக்கிறவனையும் கரி அள்ளுகிறவனையும் பார்த்தால்தான் துப்பாக்கிக்குக் கண் மங்குகிறது. தராதரம் பார்த்து வரும் கண்கோளாறு!

அபிராமபுரத்தில் தேங்காய் பறிக்கிறவர், குலையை வெட்டுமுன் மட்டைக்கு நடுவே குனிந்து பார்த்து, "கீழே யாரு? தள்ளி நில்லும்மா!" என்று குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கத்துவார். அப்புறம்தான் அரிவாள். இதற்கு அவர் எந்த ராணுவப் பள்ளியிலும் படிக்கவில்லை. காய் ஒன்று தவறி யார் தலையிலாவது விழுந்தால் அன்று ராத்திரியே ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு விலக்குரிமை கிடையாது.