இடது அம்புக்குறி அதிகாரி அவர்களுக்கு

அனுப்புநர்: ஸ்கூட்டர்க்காரன், மடுகரை.
பெறுநர்: இடப்பக்கம் திரும்பும் விளக்குகளுக்குப் பொறுப்பான அதிகாரி (அப்படி ஒருவர் இருந்தால்).

ஐயா,

எங்கள் பக்கத்துச் சிக்னல்கள் எனக்கு அத்துப்படி. கரும்பு டிராக்டர் திரும்பும்போது எதையும் காட்டாது. நாம்தான் வயலில் இறங்கிக்கொள்ள வேண்டும். நெட்டப்பாக்கத்தில் போட்ட இடது இண்டிகேட்டர் ஏம்பலம் தாண்டியும் சிமிட்டினால் அவர் திரும்பப் போவதில்லை, அணைக்க மறந்துவிட்டார்.

நகரத்துக்குள் நுழைந்தால்தான் கைநாட்டு ஆகிவிடுகிறேன். சென்ற வாரம் மாமியாரோடு ஜிப்மருக்குப் போனேன். ஒரு சந்திப்பில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். சிவப்பு. நின்றேன். வரிக்கோட்டில் கீரைக்கூடையோடு காத்திருந்த ஆயா, நம்ப முடியாமல் என்னைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார். பின்னாலிருந்த டெம்போ, “யோவ், ஃப்ரீ லெஃப்ட்டுய்யா!” என்றது. பஸ் ஆரன் அடித்தது. மாமியாரே, “எல்லாரும் சொல்றாங்களே மாப்ள” என்றார். நகர்ந்தேன். விசில் ஊதியது, ரசீது வந்தது. நின்றால் முதுகுக்குப் பின்னால் அபராதம், போனால் முகத்துக்கு நேரே அபராதம்!

வீட்டில் சட்டத்தைப் புரட்டினேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு, சாலைக் குறிகளுக்குக் கட்டுப்படு என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், சிவப்பைத் தாண்டுவது 184ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டுதல். முதல் தடவையே 1,000 முதல் 5,000 ரூபாய், சிறைகூட உண்டு. இடப்பக்கம் போகிறவனுக்குச் சிவப்பு பொருந்தாது என்ற வரி மட்டும் என் கண்ணில் படவில்லை. பச்சை அம்போ பலகையோ விட்டால்தானே ஃப்ரீ?

பலகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதன்மேல் ஒரு தலைவர் பேனரில் கைகூப்பி நிற்கிறார். வணக்கம் வைக்கிறாரா, நிற்கச் சொல்கிறாரா?

பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த மச்சானைக் கேட்டேன். அங்கே ஓட்டுவது வலப்பக்கம், ஆகவே சுலபமான திருப்பமும் வலப்பக்கம். ஆனாலும் சிவப்பு என்றால் கார் நிற்குமாம். மஞ்சள் அம்பு மின்னினால்தான் பார்த்துத் திரும்பலாமாம். சில இடங்களில் சைக்கிளுக்கு மட்டும் சின்னப் பலகை வைத்து விலக்கு. தைரியமாகச் சொன்ன அவரே நம் ஊரில் பின்சீட்டில்தான் உட்காருகிறார்.

லைசென்சுக்கு எட்டுப் போடச் சொன்னீர்கள், போட்டேன். அதற்குப் பிறகு எந்த ரோட்டிலும் எனக்கு எட்டுப் போடும் வேலை வரவில்லை. இடப்பக்கம் திரும்பும் வேலை தினமும் வருகிறது.

இப்படிக்கு,
மடுகரைவாசி

பி.கு.: இதை நேரில் கொடுக்கத்தான் கிளம்பினேன். உங்கள் அலுவலகத்துக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டுமாம். தபாலில் அனுப்பியிருக்கிறேன்.