கடைவாசல் படிக்கு நிரந்தர நியமனம் கோருதல்

யாழ்ப்பாண மாநகர சபை ஆணையாளர் அவர்கட்கும், சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை நகர சபைகளுக்கும், குடாநாட்டின் பிரதேச சபைகள் அனைத்துக்கும்,

ஐயா / அம்மணி,

தொண்டர்களாக வேலை செய்தவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் குந்தியிருந்து போராடுவது எங்கள் மாகாணத்துக்குப் புதிதல்ல. ஒருநாளும் பதாகை பிடிக்காத, ஒரு ரூபா கொடுப்பனவும் கேட்காத தொண்டர் ஒருவரை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டோம். கடைவாசல் படியைத்தான் சொல்கிறேன். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் தொடங்கிச் சந்தி மூலைத் தேத்தண்ணிக்கடை வரை ஆறங்குல உயரத்தில் நின்றபடி, யார் உள்ளே போகலாம், யார் வெயிலில் நிற்கலாம் என்று தீர்மானிப்பவர் அவரே. முதலாளிக்குக்கூட அந்த அதிகாரம் கிடையாது. காசோடு வருகிற வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப எந்த முதலாளிக்கு மனம் வரும்? படிக்கு வரும். சக்கர நாற்காலியில் வருபவரை முழுதாகவும், ஊன்றுகோலோடு வருபவரைப் பாதியாகவும், முழங்கால் தேய்ந்த ஆச்சியை அன்றன்றைய வலிக்கு ஏற்பவும் அவர் நிறுத்திவைக்கிறார். இரவு வேலைக்கு மேலதிகக் கொடுப்பனவும் இல்லை. இவருக்கு உரிய பதவிநிலையை வழங்குமாறு கேட்கவே இந்தக் கடிதம்.

சேவைக் காலத்தைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. படி அசையவில்லை. 2006 ஒக்ரோபர் 17ஆம் திகதி வர்த்தமானியில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைத் திருத்த மூன்று வருட அவகாசமும் தரப்பட்டது. நியாயமாகச் சொன்னால், அந்த நாளில் படியின் பக்கம் ஒரு வலுவான வாதம் இருந்தது. ஏ9 வீதி அதே வருடம் ஓகஸ்டில் மூடப்பட்டுக் குடாநாடே துண்டிக்கப்பட்டிருந்தது. அரிசிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற ஊரில் சாய்தளம் கட்டச் சீமெந்துக்கு எங்கே போவது? ஆனால் யுத்தம் முடிந்தது, வீதி திறந்தது, 2014இல் யாழ்தேவியும் திரும்பி வந்தது. சீமெந்து லொறி லொறியாக வந்து இறங்கியது. அதைக் கொண்டு நாம் கட்டிய புதுக் கடைகள் பலவற்றுக்குப் புதுப் படி வைத்தோம். பழைய படியைவிட உயரமாக, வழுக்குகிற மாபிளும் ஒட்டி. சக்கர நாற்காலியில் இருந்தபடியே சட்டத்தோடு மல்லுக்கட்டிய அஜித் பெரேராவின் மனு மீது, புதிய பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளுக்கு அமைய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் கட்டளையிட்டது. 2016இல் நாடு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. பொதுமக்களுக்குச் சேவை தரும் தனியார் இடங்களும் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்கிறது அதன் 9ஆம் உறுப்புரை. சட்டம், வர்த்தமானி, உயர் நீதிமன்றக் கட்டளை, சர்வதேச உடன்படிக்கை என்று நான்கையும் கண்டு, இடமாற்றம்கூட வாங்காமல் அதே வாசலில் நிற்கிற உத்தியோகத்தர் வேறு யாரும் உங்களிடம் இருக்கிறாரா?

இந்த நியமனத்தை எதிர்ப்பவர்கள் குறைவு. தேவையே இல்லை என்பவர்கள்தான் கூட. “அப்பிடிப்பட்ட ஆக்கள் எங்கட கடைக்கு வாறேல்லையே” என்று முதலாளிமார் சொல்வார்கள். உண்மைதான், வருவதில்லை. படி தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்? ஊரில் ஆட்கள் இல்லாமல் இல்லை. 2012 குடிசன மதிப்பீட்டில், பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் உள்ளவர்கள் நாடு முழுவதும் 16 இலட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் ஷெல்லும் கண்ணிவெடியும் எங்கள் பக்கம் எழுதிச் சேர்த்த பங்கை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1987இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே ஜெய்ப்பூர்க் கால் செய்துகொடுக்கும் நிலையம் இயங்குகிறது. ஒரு பக்கம் நாமே கால் செய்து பூட்டி அனுப்புகிறோம். மறு பக்கம் அந்தக் கால் தடக்குகிற அளவுக்கு வாசலை உயர்த்துகிறோம்.

ஆளை வாசலில் நிறுத்துவது எங்களுக்குப் பழக்கமில்லாத கலையும் அல்ல. தேத்தண்ணிக்கடைக்குள் இன்னார் வரலாம், இன்னார் வெளியே நின்று போத்தலிலோ தகரப் பேணியிலோ குடிக்கட்டும் என்று சாதி பார்த்த மண் இது. அதைக் குற்றமாக்க 1957இல் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் வாசல் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போகவும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம் நடக்கவும் வேண்டியிருந்தது. 1978 அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடை, உணவகம், ஹோட்டல் எதிலும் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக ஒருவரைத் தடுக்கக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் உடல் இயலாமை இல்லை. படிக்குச் சார்பாக வழக்காட வருகிறவர் இந்த ஓட்டையைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றல்ல என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே இருந்தது வெறுப்பு, இங்கே இருப்பது யோசியாமை. ஆனால் “நீங்கள் அங்கேயே நில்லுங்கோ, நாங்கள் கொண்டுவந்து தாறம்” என்ற பேச்சைக் கேட்கிறவருக்கு, அது எந்த மனத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வீதியில் என்ன வசதி இருக்கிறது?

இதற்குத்தான் எங்கள் வர்த்தகர்கள் அன்பான பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள்: “பெடியளை விட்டுத் தூக்கி ஏத்துவம்.” நல்ல மனம்தான். ஆனால் உள்ளாடை வாங்க வந்த ஒரு பெண்ணை நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்குவது வாடிக்கையாளர் சேவை என்றால், அதை எல்லா வாடிக்கையாளருக்கும் விரித்துப் பார்க்கலாம். வர்த்தகர் சங்கத் தலைவரில் தொடங்கலாம். அடுத்தது செலவு. ஓரங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்கு எங்கும் சொல்லப்படுகிற கணக்கு. ஆறங்குலப் படிக்கு ஆறடி. கண்ணாடிக் கதவுக்கும் வண்ண விளக்குப் பெயர்ப்பலகைக்கும் செலவழிக்கிற கடைக்கு ஆறடிக் கொங்கிறீற்று ஒரு சுமையா? இடமில்லை என்பது இதைவிட நேர்மையான ஆட்சேபம். வாசலுக்கும் வீதிக்கும் நடுவே கான் மூடி மட்டுமே உள்ள கடைகள் எத்தனையோ. அங்கே சாய்வைக் கடைக்குள்ளே இறக்கலாம், அல்லது எடுத்துவைக்கிற பலகை வைக்கலாம். இதற்கு எந்த நிபுணரும் வரத் தேவையில்லை. இரவு எட்டு மணிக்குக் கடை பூட்டும் நேரம் போய்ப் பாருங்கள். முதலாளி மூலையில் சாத்திய பலகையை எடுத்துப் படியில் சரித்து, மோட்டார் சைக்கிளை உருட்டி உள்ளே ஏற்றி, ஷட்டரை இழுத்துவிடுகிறார். காலையில் அதே பலகையால் இறக்குகிறார். மோட்டார் சைக்கிளுக்கு ஒழுங்குவிதியும் தேவைப்படவில்லை, வழக்கும் தேவைப்படவில்லை. (அந்தப் பலகை சக்கர நாற்காலிக்குச் செங்குத்து அதிகம். நீளமாக ஒன்று அறுத்தால் சரி.) மாரிமழைக்கு வெள்ளம் உள்ளே வரும் என்பார்கள். வெள்ளத்தைத் தடுப்பது தரையின் உயரம். படியை எடுத்துச் சாய்தளம் வைத்தால் தரை தாழப்போவதில்லை.

படியோடு கதை முடியவில்லை. நெஞ்சளவு கண்ணாடிக் காசுமேசை, சாமான் பெட்டி அடுக்கி ஒடுங்கிய நடைபாதை, விலையை வாய்திறந்து சொல்லாத பார்மசி, காது கேளாதவரிடம் சத்தம் போட்டே பேசுகிற காசாளர் எல்லோரும் படியின் உதவியாளர்கள். அவர்களுடைய கோவைகளைப் பிறகு அனுப்புகிறேன்.

உங்களால் முடியாது என்று யாரும் நம்பமாட்டார்கள். நல்லூரில் 25 நாள் திருவிழா வந்தால் வீதி மூடி, தடுப்புப் போட்டு, அங்கப்பிரதட்சணம் செய்பவர்களின் உடம்பு நோகாமல் மணலும் பரப்பப்படுகிறது. உருண்டு வருகிற அடியாருக்கு வழி சமைக்கத் தெரிந்த ஊர், சக்கரத்தில் உருண்டு வருகிற வாடிக்கையாளரிடம் மட்டும் தொழில்நுட்பம் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆகவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். படிக்கு நியமனக் கடிதம் கொடுத்து, கடமைப் பட்டியலில் “பொதுமக்களைத் தடுத்தல்” என்று எழுதி, கையொப்பமிட்டு வாசலில் ஒட்டுங்கள். வெளியே நிற்பவர் யாருடைய கட்டளையால் நிற்கிறார் என்றாவது தெரிந்துகொள்வார். அது கூச்சமாக இருந்தால், வருகிற ஜனவரி வியாபார உரிமப் படிவத்தில் ஒரு வரியைக் கூட்டுங்கள்: வாசல் படியின் உயரம் எத்தனை அங்குலம், சாய்தளம் உண்டா? பெயர்ப்பலகைக்குக் கட்டணம் போட அளவுநாடாவோடு வருகிற உங்கள் உத்தியோகத்தர், மேலே அளந்து முடிந்ததும் ஒருமுறை குனிந்தால் போதும்.

இங்ஙனம்,
வரியிறுப்பாளர் ஒருவர்