செவ்வாய் தோஷம்

மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2003 அக்டோபரில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட்டுகளை நினைத்த நேரத்தில் அவிழ்த்துவிடாமல், மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மொத்தமாக வெளியிடுவது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிறவர்கள் முன்கூட்டியே தயாராக இருக்கலாமே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் போயும் போயும் செவ்வாய்க்கிழமையையா பிடித்தார்கள் என்பது என் அம்மாவின் மனத்தாங்கல். செவ்வாயோ வெறுவாயோ என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள்.

அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளிவரும் அப்டேட், இந்தியாவில் இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ கிடைக்கும். அந்நேரத்துக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடியிருப்போம். ஆகவே அது உண்மையில் வந்து இறங்குவது புதன்கிழமை காலையில். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதே, தோஷம் அதில் கழிந்துவிடாதா என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்தேன்.

“பொறப்பட்ட நேரந்தானல கணக்கு. வந்து சேந்த நேரமா?” என்று கேட்டுவிட்டாள்.

2019-இல் அப்படி ஒரு புதன்கிழமை. அக்கா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். வருகிற ஜாதகங்களைச் சேர்த்து வைத்து, ஊர்வாரியாகப் பெயர் மாற்றி, பிரிண்ட் எடுத்து, டவுனில் இருக்கும் ஜோசியரிடம் கொண்டுபோவது தாய்மாமன் பொறுப்பு. இந்தக் காலத்து ஜாதகங்கள் பிடிஎஃப் ஆகத்தான் பிறக்கின்றன. எல்லாவற்றுக்கும் பெயர் ‘ஜாதகம்’தான். அடுத்தது ‘ஜாதகம் (1)’, அதற்கடுத்தது ‘ஜாதகம் (2)’. பையனின் பெயரை அவன் ஃபைலுக்கும் வைக்க வேண்டும் என்று எந்தத் தகப்பனாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு ஜாதகத்தின் மேல் ரைட் கிளிக் செய்தேன். அம்புக்குறி நீல வளையமாகிச் சுற்றியது. ஃபோல்டர் வெளிறிப்போய், தலைப்பில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தது. அப்புறம் ஃபோல்டரே இல்லை. கீழே டாஸ்க்பார் இல்லை, கடிகாரம் இல்லை, டெஸ்க்டாப்பில் அடைந்து கிடந்த ஐகான்களில் ஒன்றுகூட இல்லை. கை வைக்க இடமில்லாமல் திரை வெறுமையாக இருந்தது. நான் எழுந்து பிளக்கைப் பார்க்கப் போவதற்குள் டாஸ்க்பார் வந்தது, ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்தன, கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சில்லறைகளும் வந்து உட்கார்ந்தன. திறந்து வைத்திருந்த ஜாதக ஃபோல்டர் மட்டும் வரவில்லை. மறுபடி திறந்து, மறுபடி தொட்டேன். மறுபடி அதே கதி. டபுள் கிளிக் செய்தாலும் அதுவே.

பின்னால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கேட்டாள். “யாரு ஜாதகம் அது?”

“நாகர்கோவில் பையன்.”

“வேண்டாம். தள்ளி வை.”

அடுத்து கோவில்பட்டிப் பையன். அவனும் கம்ப்யூட்டரைக் கவிழ்த்தான். தென்காசியும் அப்படியே. மதுரைக்காரப் பையனுக்கு அமெரிக்காவில் வேலை என்பதால் அவனை மட்டும் இன்னொரு தரம் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அவனுக்குப் பிறகு டாஸ்க்பார் திரும்பி வரவே வெகுநேரம் ஆயிற்று.

கடைசியில் ஒரே ஒருவன் தேறினான். தூத்துக்குடிப் பையன். அவன் வீட்டில் பிடிஎஃப் எல்லாம் அனுப்பவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதிய பழைய ஜாதகத்தை மொபைலில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். ஓரமெல்லாம் மஞ்சள் தடவிய பக்கம், கீழ்மூலையில் படம் பிடித்தவருடைய கட்டைவிரல். ரைட் கிளிக் செய்ததும் மெனு மரியாதையாகத் திறந்தது.

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். “இவன்தான் மாப்பிள்ளை.”

விண்டோஸில் ஃபோல்டர்களைத் திறந்து காட்டுகிற எக்ஸ்ப்ளோரர், 1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி விண்டோஸ் 95-உடன் கடைக்கு வந்தது. அதற்கு முன் 1990-இல் வந்த விண்டோஸ் 3.0-இல் ஃபைல் மேனேஜர் என்று ஒன்று இருந்தது. அது தன் வேலையை மட்டும் பார்த்தது. எக்ஸ்ப்ளோரர் அப்படியில்லை. டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் அதே ஆளின் பொறுப்பு. அதனால்தான் ஒரு ஃபோல்டருக்குள் தடுக்கி விழுந்தாலும் வாசல்வரை எல்லாம் சேர்ந்து விழுகிறது. விழுந்தால் விண்டோஸே தூக்கி நிறுத்திவிடும். அப்படி நிற்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரை வரவழைத்து, எக்ஸ்ப்ளோரர் என்று நாமே தட்டச்சு செய்து எழுப்ப வேண்டும். இதைத் தெரிந்து வைத்திருப்பது குடும்பஸ்தர்களுக்கு நல்லது.

சாயங்காலம் என் மச்சினன் வந்தான். எங்கள் இரு குடும்பத்துக்கும் கம்ப்யூட்டர் வைத்தியன் அவன்தான். வந்து நின்றபடியே ஒரு தரம் ரைட் கிளிக் செய்து பார்த்துவிட்டு, “விண்டோஸ் அப்டேட்தான் அத்தான். சந்தேகமே வேண்டாம்” என்றான். அவன் பயத்துக்கும் காரணம் இருந்தது. முந்தைய வருஷம், 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் பெரிய அப்டேட், சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. ஃபோல்டரை வேறிடத்துக்கு மாற்றி வைத்திருந்தவர்களின் பழைய ஃபோல்டரை வேண்டாதது என்று நினைத்து, உள்ளே என்ன கிடக்கிறது என்று பாராமல் துடைத்தெறிந்திருந்தது. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, திருத்தி, நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. மச்சினன் இந்தக் கதையை நேரில் பார்த்த விபத்து போலச் சொல்லுவான்.

அப்டேட்டைக் கழற்றினான். ரீஸ்டார்ட் ஆகி வந்ததும் நாகர்கோவில் பையனைத் தொட்டான். டாஸ்க்பார் போயிற்று. பிறகு கறுப்புத் திரையைத் திறந்து, விண்டோஸ் தன்னைத்தானே பரிசோதித்துக்கொள்ளும் எஸ்எஃப்சி கட்டளையைக் கொடுத்தான். சதவீதம் ஊர்ந்தது. காபி வந்தது, முறுக்கு வந்தது, சதவீதம் இன்னும் ஊர்ந்தது. நூறு வந்ததும் குறை ஏதும் இல்லை என்று அறிவித்தது. அது பொய்யில்லை. அந்தக் கட்டளை விண்டோஸின் சொந்த ஃபைல்களைத்தான் சோதிக்கும், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களைப் பற்றி வாயே திறக்காது. மறுநாள் பார்த்தால், அவன் பாடுபட்டுக் கழற்றிய அப்டேட்டை விண்டோஸ் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கும் சர்வீஸ் கடைக்கு போன் செய்தேன். முழுக்கக்கூடக் கேட்கவில்லை. “ஃபார்மட் போட்டிருவோம் அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். மவுஸ் நகரவில்லை என்றாலும் ஃபார்மட், பிரிண்டரில் மை தீர்ந்தாலும் ஃபார்மட். தமிழ்நாட்டில் கம்ப்யூட்டருக்கு வேறு சிகிச்சை கிடையாது. “சி டிரைவ் மட்டும்தான் போவும், மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கும்” என்று ஆறுதலும் சொன்னார். என்னுடைய வாழ்க்கை மொத்தமும் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

இதற்கிடையில் அக்கா போனுக்கு மேல் போன். “தம்பி, ஜோசியர் வியாழக்கிழமைதான் மூணு ஜாதகம் பாப்பாராம், கொண்டு போயிட்டியா?” என் கையில் அந்த ஜாதகங்களுக்கு வேறு நகல் இல்லை. மச்சினனின் கறுப்புத் திரையை நானே திறந்தேன். அதற்கு எக்ஸ்ப்ளோரரின் தயவு தேவையில்லை. ‘டிர்’ என்று அடித்தால் ஃபோல்டரில் இருப்பதைத் தேதி, நேரம், அளவோடு வரிசையாகக் காட்டும். 1981-இல் ஐபிஎம்மின் முதல் பிசி வந்த நாளிலிருந்து இருக்கிற கட்டளை. ஒரே சங்கடம், அந்தத் திரைக்கு அப்போது தமிழ் வராது. நான் ஆசை ஆசையாகத் தமிழில் பெயர் வைத்த மாப்பிள்ளைகள் எல்லோரும் வரிசை வரிசையாகக் கட்டங்களாக நின்றார்கள். ராசிக்கட்டம் கேட்டால் வெறுங்கட்டம் கொடுத்தது. அளவை வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருந்தது. தசாபுக்தி, அஷ்டவர்க்கம் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்த கோவில்பட்டிப் பையன் நல்ல கனம். தென்காசிப் பையன் ஒற்றைப் பக்கம், ஒல்லி. இப்படி எடை போட்டு மூன்று பேரை பென் டிரைவில் ஏற்றி, ஜங்ஷனில் உள்ள பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஜோசியரிடம் சேர்த்தேன்.

தூத்துக்குடிக் கட்டைவிரல் மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்டேட்டில் கோளாறு என்றால் எல்லா ஃபைலுக்கும் அல்லவா விழ வேண்டும்? போட்டோவுக்கு விழவில்லை, எக்செல்லுக்கு விழவில்லை, பிடிஎஃப்புக்கு மட்டும் எப்படி?

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒரு பதிவேடு உண்டு. யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதில் ‘அப்ளிகேஷன்’ பகுதியில் சிவப்பு அடையாளத்தோடு, எண் 1000 என்ற குறிப்பு வரிசையாக நின்றது. அம்மா ஒவ்வொரு பையனையும் நிராகரித்த நேரம் நிமிஷ சுத்தமாக அதில் பதிவாகியிருந்தது. விழுந்தது யார் என்ற இடத்தில் எக்ஸ்ப்ளோரர். விழ வைத்தது யார் என்ற இடத்தில் எக்ஸ்ப்ளோரரும் இல்லை, விண்டோஸும் இல்லை. வாயில் நுழையாத பெயருள்ள ஒரு டிஎல்எல். அது எந்த ஃபோல்டரிலிருந்து வந்தது என்ற விலாசமும் கீழே இருந்தது. ஒரு பிடிஎஃப் சாஃப்ட்வேரின் விலாசம்.

எக்ஸ்ப்ளோரரின் ரைட் கிளிக் மெனு ஒரு திண்ணை. எந்த சாஃப்ட்வேரை நிறுவினாலும் அது அங்கே தன் பெயருக்கு ஒரு வரி போட்டு உட்கார்ந்துகொள்ளும். ‘ஜிப் செய்’, ‘வைரஸ் இருக்கிறதா பார்’, ‘பிடிஎஃப்பைச் சுருக்கு’ எல்லாம் இப்படி வந்து உட்கார்ந்தவை. உட்காருவதோடு விட்டால் பரவாயில்லை. அந்த வரிக்கான நிரல் எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஏற்றப்பட்டு, அதன் நினைவகத்திலேயே ஓடும். வந்தவருக்கு வலிப்பு கண்டால் வீட்டுக்காரரும் சேர்ந்து விழுவார். இதே ஏற்பாட்டின் விசுவரூபத்தை உலகம் 2024 ஜூலை 19-ஆம் தேதி பார்த்தது. விண்டோஸின் அடிமடியில் குடியிருந்த கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு ஒரு கோளாறான அப்டேட் வர, 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு படுத்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது வெள்ளிக்கிழமை என்பதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

திண்ணையில் யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க, நிர்சாஃப்ட் தளத்தில் ஷெல்எக்ஸ்வியூ என்ற சின்னக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட்டைச் சேராதவர்களை இளஞ்சிவப்பில் காட்டும். என் கம்ப்யூட்டரில் திரை முழுக்க இளஞ்சிவப்பு. எப்போதோ தூக்கிப் போட்ட ஸ்கேனருடைய ஆள், செத்துப்போன மொபைலுடைய ஆள், வைரஸ் காவலாளி, பாட்டு மாற்றிக் கொடுப்பவர், ஜிப் போடுபவர்கள் இருவர். நடுவில் நம்முடைய பிடிஎஃப்காரர். அவர் பெயர் மேல் வைத்து எஃப்7 விசையை அழுத்தினேன், ‘டிசேபிள்டு’ என்று வந்தது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து நாகர்கோவில் பையனைத் தொட்டேன். மெனு திறந்தது. முறுக்கு, காபி, ஃபார்மட் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த சாஃப்ட்வேரை யார் கொண்டுவந்தது என்பதுதான் மிச்சம். அதற்கும் பதிவேடு வேண்டியதில்லை. மச்சினன் மகனுக்கு ஏதோ அரசு விண்ணப்பம் போட்டபோது, சாதிச் சான்றிதழ் 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று தளம் அடம்பிடித்தது. சுருக்குவதற்காக அவனே என் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்தது. சான்றிதழ் சுருங்கியது, விண்ணப்பம் போனது, சாஃப்ட்வேர் இருந்துவிட்டது. தானாகவே அப்டேட்டும் செய்துகொண்டு வந்திருக்கிறது. புரோகிராம் பட்டியலில் அதற்கு எதிரே இருந்த தேதியைக் காலண்டரில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.

“சொன்னேனா இல்லையா?” என்றாள் அம்மா.

மச்சினன் தேதியைப் பார்த்தான், சாஃப்ட்வேரின் பெயரைப் பார்த்தான். “எதுக்கும் விண்டோஸ் அப்டேட்டையும் ஒரு தடவை கழட்டிப் பாத்திரலாம் அத்தான்” என்றான்.

பிடிஎஃப்காரரை வெளியேற்றுவது லேசாக இருக்கவில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டு அழுத முகம் ஒன்றைக் காட்டியது, பாதி விலைக்கு ஒரு வருஷம் தருகிறேன் என்றது, போகும்போது கருத்துப் படிவம் நீட்டியது. சில வாரம் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. புதிய பதிப்பில் ‘சில சிறு பிழைகள்’ சரிசெய்யப்பட்டிருக்கின்றனவாம். எந்தச் சிறு பிழை, யாருடைய திருமணத்தில் என்றெல்லாம் விவரம் இல்லை.

பிடிஎஃப்காரரை வெளியேற்றிய அன்று மாலை அம்மா என்னை உட்காரவைத்து எல்லா ஜாதகங்களையும் மறுபடி ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னாள். நாகர்கோவில் திறந்தது. கோவில்பட்டி திறந்தது. தென்காசி, மதுரை எல்லாம் திறந்தன. தூத்துக்குடியும் வழக்கம்போலத் திறந்தது. அம்மாவின் முகத்தில் சந்தோஷமே இல்லை.

“எல்லாப் பயலும் நல்லவனாயிட்டா, எதை வச்சுல தள்ளுறது?”